காறல் தடுக்கும் ஃபீனால்கள்: செயற்கையும் இயற்கையும்

சோறு கெடுவதும் எண்ணெய் கெடுவதும் ஒன்றல்ல. சோற்றைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவற்றை உப்பாலும் வெயிலாலும் குளிராலும் அடக்கிவிடலாம். எண்ணெயையும் நெய்யையும் கெடுப்பதோ காற்றிலுள்ள ஆக்சிஜன். அதற்கு உயிரில்லை என்பதால் கொல்லவும் முடியாது. ஒளியும் வெப்பமும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் மிகச் சிறு துணுக்கும் கிடைத்தால் போதும், மூடிய குப்பிக்குள்ளும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். நிறைவுறாக் கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட கொழுப்பு மூலக்கூறு. அந்தப் பிணைப்பின் அருகிலுள்ள ஒரு ஹைட்ரஜன் அணு கழன்றுவிட்டால், இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானுடன் நிற்கும் ‘தனி உறுப்பு’ ஒன்று உருவாகிறது. அது ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்க, பறிகொடுத்தது தானும் தனி உறுப்பாகி அடுத்ததைத் தேடுகிறது. இத்தொடர்வினையின் விளைபொருள்கள் உடைந்து ஹெக்சனல் முதலிய ஆல்டிஹைடுகளாகும்போதுதான் பழைய எண்ணெயில் மூக்கைச் சுளிக்கவைக்கும் காறல் வாடை எழுகிறது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எனப்படும் பொருள் இந்தச் சங்கிலியின் நடுவே புகுந்து, தன்னிடமுள்ள ஹைட்ரஜன் ஒன்றைத் தானே கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் அதுவும் தனி உறுப்பாக மாறினாலும், பென்சீன் வளையத்தின் மேல் அந்த ஒற்றை எலக்ட்ரான் பரவிக் கிடப்பதால் அடுத்த மூலக்கூறைத் தாக்கும் வேகம் அதற்கு இருப்பதில்லை. பென்சீன் வளையத்தில் ஒட்டிய ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஃபீனால் அமைப்பு, இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். சிப்ஸ் பொட்டலத்தில் சேரும் செயற்கைப் பொருளுக்கும் எள்ளில் விளையும் இயற்கைப் பொருளுக்கும் இந்த அமைப்பு பொது. வேலை ஒன்று என்பது வெளிப்படை. ஆபத்தும் பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது என்பதைத்தான் ‘செயற்கையா, இயற்கையா’ என்னும் கேள்வி மறைத்துவிடுகிறது.

செயற்கைத் தடுப்பான்களில் மூன்று முதன்மையானவை. பியூட்டைல் ஹைட்ராக்சி அனிசோல் என்பது பி.எச்.ஏ. எனவும், பியூட்டைல் ஹைட்ராக்சி டொலுவீன் என்பது பி.எச்.டி. எனவும் சுருக்கமாக வழங்கும். இரண்டும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் உணவுக்குள் வந்தவை. டி.பி.எச்.க்யூ. என்னும் மூன்றாவது, 1972இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பன்னாட்டு எண் முறையில் இவற்றுக்கு முறையே 320, 321, 319 என்னும் எண்கள் உள்ளன. இந்தியப் பொட்டலங்களின் பின்புறத்தில் ‘ஐ.என்.எஸ். 319’ என்று பொடி எழுத்தில் காண்பது டி.பி.எச்.க்யூ.வையே. விலை குறைவு, வாசனையோ நிறமோ உணவில் ஏறாமை, சிறிதளவே போதுமாயிருத்தல் என்பன இவற்றின் பலங்கள். அமெரிக்க விதிப்படி கொழுப்பின் எடையில் 0.02 விழுக்காடு, அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு 200 மில்லிகிராம், உச்சவரம்பு.

இவற்றின் மீதான ஐயம் வலுவாக எழுந்த இடம் ஜப்பானின் நாகோயா நகரப் பல்கலைக்கழகம். நொபுயுகி இட்டோவும் அவருடைய குழுவினரும் எஃப்344 என்னும் ஆய்வக எலி இனத்துக்கு உணவின் எடையில் 2 விழுக்காடு பி.எச்.ஏ. கலந்து 104 வாரங்கள் கொடுத்து, 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்த எலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு முன்இரைப்பையில் செதில்செல் புற்று தோன்றியிருந்தது, 0.5 விழுக்காடு உண்டவற்றில் புற்று தோன்றவில்லை, ஆனால் திசு தடித்துப் பெருகியிருந்தது. இச்செய்தி உலகெங்கும் கலக்கத்தை விளைவித்ததில் வியப்பில்லை. 1986இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எச்.ஏ.வை ‘மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடும்’ என்னும் 2பி வகுப்பில் வைத்தது, பி.எச்.டி.யை, சான்று போதாமையால் வகைப்படுத்த இயலாத 3ஆம் வகுப்பில் வைத்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1991 முதல் பி.எச்.ஏ.வை மனிதப் புற்றூக்கியாக இருக்குமென நியாயமாக எதிர்பார்க்கத்தக்க பொருளாகப் பட்டியலிட்டுள்ளது. அதே நாட்டின் உணவு மருந்து நிர்வாகமோ அதை உணவில் தொடர்ந்து அனுமதித்து வந்து, 2025இல்தான் மறுஆய்வுக்குரியவற்றுள் அதையும் பி.எச்.டி.யையும் சேர்த்தது. ஒரே அரசின் இரு கைகள் ஒன்றையொன்று பாராமல் எழுதிய இந்த முரண்பாடு, பொதுமக்களின் ஐயத்தை ஆய்வு முடிவுகளைக் காட்டிலும் அதிகமாக வளர்த்திருக்கிறது எனலாம்.

ஆனால் முன்இரைப்பை என்பது என்ன? எலி, சுண்டெலி போன்ற கொறித்துண்ணிகளுக்கு உணவுக்குழாய்க்கும் சுரப்பி இரைப்பைக்கும் இடையே, உண்டதைத் தேக்கிவைக்கும் பை ஒன்று உண்டு; மனிதருக்கு அது கிடையாது. உணவு அங்கே நெடுநேரம் தங்குவதால், அதில் கலந்த பி.எச்.ஏ. அந்தப் பையின் உட்சுவரை இடைவிடாமல் அரிக்கிறது. அரிப்புக்கு ஈடுகட்டச் செல்கள் பெருகப் பெருகப் புற்றுக்கு வழி பிறக்கிறது. முன்இரைப்பை இல்லாத நாய், பன்றி, குரங்கு ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இத்தகைய கட்டிகள் எழவில்லை. பி.எச்.ஏ. மரபணுவை நேரடியாகச் சிதைப்பதற்குச் சான்று இல்லாததால், ஒரு வரம்புக்குக் கீழே அது தீங்கு செய்யாது என்னும் முடிவுக்கு ஒழுங்குமுறை அமைப்புகள் வந்தன. மனித உணவுக்குழாயின் உட்பரப்பும் அதே வகைச் செதில்செல்களால் ஆனதுதானே என்ற மறுப்பு எழாமலில்லை. எனினும் அங்கே உணவு சில நொடிகளே நிற்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உணவில் 2 விழுக்காடு என்பது எலியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம். அதே விகிதத்தை 60 கிலோ எடையுள்ள மனிதர் எட்ட, உச்சவரம்பு வரை பி.எச்.ஏ. கலந்த எண்ணெயை நாளொன்றுக்கு 300 கிலோ குடிக்க வேண்டியிருக்கும்.

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாகோயா ஆய்வுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1972இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ வாட்டன்பர்க் அதே பி.எச்.ஏ.வைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் புற்றூக்கி அவற்றின் முன்இரைப்பையில் விளைவிக்கும் கட்டிகளை அது குறைத்ததாகக் காட்டியிருந்தார். உடலின் நச்சுநீக்கும் நொதிகளை அது தூண்டிவிட்டதே இதற்குக் காரணம். ஆக, ஒரே மூலக்கூறு ஒரே உறுப்பில் ஓர் ஆய்வில் காவலாகவும் மற்றோர் ஆய்வில் கேடாகவும் நின்றது. ஹைட்ரஜனை எளிதில் கொடுக்கும் ஃபீனால், அளவு மிகும்போது குயினோன் என்னும் வடிவத்துக்கு மாறி, மீண்டும் மீண்டும் உருமாறும் சுழற்சியில் தானே தீவிர ஆக்சிஜன் உறுப்புகளைப் பிறப்பிக்கிறது; தடுப்பான் தூண்டியாவது இவ்வாறுதான்.

இட்டோவின் ஆய்வகம் பி.எச்.ஏ.வோடு நின்றிருந்தால், செயற்கையின் மீதான வழக்கு எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அதே ஆய்வகத்தார் இயற்கை ஃபீனால்களையும் அதே அளவுகோலில் நிறுத்தினர். 1990இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், காஃபிக் அமிலமும் செசமாலும் 2 விழுக்காடு அளவில் எலிகளின் முன்இரைப்பையில் புற்றை விளைவித்தன. காஃபிக் அமிலம் காப்பியிலும் ஆப்பிளிலும் எண்ணற்ற காய்கனிகளிலும் உள்ள பொருள். செசமாலோ எள்ளுக்கு உரியது: எள்ளிலுள்ள செசமோலின் என்னும் சேர்மம் வறுக்கும்போதும் காய்ச்சும்போதும் சிதைந்து உண்டாவது, காமா டோக்கோஃபெராலோடு சேர்ந்து, நல்லெண்ணெய் பிற எண்ணெய்களைக் காட்டிலும் நீண்ட நாள் காறாமல் இருப்பதற்குக் காரணமானது. ஊறுகாய்ச் சாடியின் மேல் நல்லெண்ணெயை மிதக்கவிடும் வழக்கத்தின் பின்னே உள்ள வேதியியலில் இதற்கும் பங்குண்டு. அதே எலி இனம், அதே அளவு, அதே உறுப்பு, அதே வகைக் கட்டி. ஆனால் பி.எச்.ஏ.வின் பெயர் பல நாடுகளில் அச்சமூட்டும் சொல்லாயிற்று. செசமாலைப் பற்றிய செய்தி நச்சியல் ஏடுகளை விட்டு வெளியே வரவேயில்லை.

நல்லெண்ணெய்க்கு அஞ்ச வேண்டும் என்பது இதன் பொருளன்று. செக்கில் ஆட்டிய எண்ணெயில் செசமாலின் அளவு மிக மிகக் குறைவு. எலிக்குக் கொடுத்த அளவுக்கு அருகில்கூட எந்த உண்பவரும் போக முடியாது. ஆனால் இந்த வாதம் நல்லெண்ணெய்க்குச் செல்லுமானால் பி.எச்.ஏ.வுக்கும் செல்லும், பி.எச்.ஏ.வுக்குச் செல்லாது என்பவர் நல்லெண்ணெய்க்கும் அதை மறுத்தாக வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த ஒருமையைக் காத்தது என்பதைக் குறிப்பிட வேண்டும்: 1993இல் அது காஃபிக் அமிலத்தையும் பி.எச்.ஏ. இருக்கும் அதே 2பி வகுப்பில்தான் சேர்த்தது. பிறகு 2016இல் காப்பியை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைக் கொண்டு மதிப்பிட்டபோது, அதைப் புற்றூக்கியென வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்று முடிவு செய்தது. காஃபிக் அமிலமோ இன்றும் 2பியில் இருக்கிறது. பகுதிப்பொருள் ஐயத்துக்குரியதாகவும் முழுப்பொருள் ஐயம் நீங்கியதாகவும் இருக்கும் இந்நிலை, எலிச் சோதனையின் ஒற்றை முடிவிலிருந்து உணவு மேசைக்குத் தாவுவது எவ்வளவு இடறலானது என்பதைக் காட்டுகிறது.

இயற்கைத் தடுப்பான்களின் வரலாற்றில் இதைவிடக் கடுமையான பாடம் ஒன்றும் இருக்கிறது; அதிகம் பேசப்படாதது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்திலும் மெக்சிகோவிலும் மண்டி வளரும் கிரியோசோட் புதரின் இலைகளில் நார்டைஹைட்ரோகுவாயரெட்டிக் அமிலம் என்னும், சுருக்கமாக என்.டி.ஜி.ஏ. எனப்படும் ஃபீனால் நிறைந்திருக்கிறது. 1940களில் அதைப் பிரித்தெடுத்துப் பன்றிக்கொழுப்பு முதலியவை காறாமல் காக்கப் பயன்படுத்தினர். தாவரத்திலிருந்து கிடைத்தது, திறமிக்கது, பழங்குடி மக்கள் மருந்தாகவும் தேநீராகவும் கொண்ட செடியிலிருந்து வந்தது: இன்று ஒரு விளம்பரம் நாடும் தகுதிகள் எல்லாம் அதற்கு அன்றே இருந்தன. ஆனால் நீண்ட காலம் அதை உண்ட எலிகளின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் தோன்றுவது பின்னர் தெரியவந்தது. 1968இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதுகாப்பானவை எனப் பொதுவாக ஏற்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. நாகோயாவின் எச்சரிக்கைக்கு முன்பே, பாதுகாப்புக் காரணத்தால் உணவிலிருந்து வெளியேற்றப்பட்டது ஒரு தாவரத் தடுப்பான் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அத்தோடும் கதை முடியவில்லை. அதே புதரின் இலை ‘சப்பாரல்’ என்னும் பெயரில் மூலிகை மாத்திரையாகவும் தேநீராகவும் விற்கப்பட்டு, அதை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக அறிக்கைகள் வர, 1992இல் அந்நிர்வாகம் மறுபடியும் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

வைட்டமின்களும் இந்த விதிக்கு விலக்கல்ல. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கத்தாரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தபோது, நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அதுபோன்ற ஆய்வொன்று, நிலைமை அதனினும் மோசமானதால் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இவை மாத்திரையாக உட்கொண்ட அளவுகள். எண்ணெயைக் காக்கச் சேர்க்கும் அளவுகளோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. உணவுக்குள்ளேயே நேர்ந்த சிக்கல் வேறொன்று. குளிர்பானங்களில் பூஞ்சையைத் தடுக்கும் சோடியம் பென்சோயேட்டோடு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்ந்திருக்க, நீரிலுள்ள செம்பு அல்லது இரும்பின் துணுக்கும் ஒளியும் வெப்பமும் கூடினால், பென்சோயேட் சிதைந்து பென்சீனாகிறது. பென்சீன் மனிதருக்குப் புற்று விளைவிப்பது உறுதிப்பட்ட பொருள். 1990இல் தெரியவந்த இச்செய்தி 2005ஐ ஒட்டி மீண்டும் பேசப்பட்டு, நிறுவனங்கள் பல தம் பானங்களின் சேர்மானத்தை மாற்றின. அவ்வினையைத் தொடக்கிவைப்பது எலுமிச்சையிலும் நெல்லியிலும் உள்ள அதே அமிலம்தான்.

அதே அமிலம் என்றாலும் பானத்தில் சேர்வது எலுமிச்சையிலிருந்து வந்ததன்று. தொழிற்சாலை வைட்டமின் சி, குளுக்கோசிலிருந்து 1930களில் ரைக்ஸ்டீன் வகுத்த வழியிலும் பின்வந்த நொதித்தல் வழிகளிலும் உண்டாக்கப்படுவது; மூலக்கூறில் எலுமிச்சையினதற்கும் இதற்கும் எள்ளளவும் வேறுபாடில்லை. டோக்கோஃபெரால் எனப்படும் வைட்டமின் ஈயின் நிலை இன்னும் விசித்திரமானது. சோயா போன்ற விதைகளின் எண்ணெயில் அது இயல்பாகவே இருக்கிறது. சுத்திகரிப்பின் கடைசிக் கட்டத்தில், வாடை நீக்குவதற்காக 200 பாகை செல்சியசுக்கு மேல் வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறுகிறது. வெளியேறியதைக் குளிரவைத்துச் சேர்த்து, தூய்மைப்படுத்தி, ‘இயற்கைத் தடுப்பான்’ என்று எண்ணெய் ஆலைகளுக்கே விற்கிறார்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததையே எண்ணெய்க்கு விலைக்குத் தரும் இந்த வணிகத்தில் இயற்கை எது, செயற்கை எது என்று கோடு கிழிப்பவருக்கு நல்ல துணிவு வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு வகைகளுக்கும் இடையே உள்ள மெய்யான வேறுபாடு, சோதிக்கப்பட்ட அளவில்தான் இருக்கிறது. பி.எச்.ஏ., பி.எச்.டி. இரண்டும் பல விலங்கினங்களில், பல தலைமுறைகளில், பல அளவுகளில் சோதிக்கப்பட்டவை. அவற்றின் குறைகள் நமக்குத் தெரிவதே அவ்வாறு தேடியதால்தான். ரோஸ்மேரி இலைச்சாறு வேறு கதை. கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் அதன் செயலாற்றும் பகுதிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதை இ392 என்னும் எண்ணில் அனுமதித்தது. அதற்கு முன் 2008இல் அதை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இனப்பெருக்கம் பற்றியும் நெடுங்கால உட்கொள்ளல் பற்றியும் ஆய்வுகள் இல்லாததால், வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு ஒன்றை வகுக்க முடியவில்லை என்று சொல்லி, 90 நாள் எலிச் சோதனைக்கும் மனித நுகர்வுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கொண்டு ஒப்புதலுக்கு வழிவிட்டது. சமையலில் கிள்ளிப் போடும் இலைக்கு நூற்றாண்டுகளின் அனுபவம் சான்றாகலாம். கரைப்பானில் ஊறவைத்து, வாசனை நீக்கி, செறிவாக்கி, இறைச்சியிலும் எண்ணெயிலும் பரவலாகச் சேர்க்கும் பொடிக்கு அந்த அனுபவம் சான்றாகாது. பச்சைத் தேயிலையில் இது கண்ணெதிரே நடந்தது: தேநீராகக் குடிப்பவர்களிடம் காணாத கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள், அதன் கேட்டச்சின் ஒன்றை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்துக்கொண்டவர்களிடம் தென்பட்டதாக அதே ஆணையம் 2018இல் எடுத்துக்காட்டியது.

இதனால் செயற்கைப் பொருள்கள் குறித்த கவலை பொய்யாகிவிடாது. அதன் உண்மையான இடம் புற்றுநோய்ப் பட்டியல்களில் அன்று, குழந்தைகளின் தட்டில் இருக்கிறது. எலிகளிடம் தீங்கு காட்டாத உச்ச அளவைப் பெரும்பாலும் நூறால் வகுத்துப் பெறுவதே ஏற்கத்தக்க அன்றாட அளவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் பி.எச்.ஏ.வுக்கு அதை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் என உயர்த்தியது. ஆனால் 2012இல் பி.எச்.டி.க்கு 0.25 மில்லிகிராம் என்றே வகுத்தது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் பி.எச்.டி. கலந்த கொழுப்பை எடுத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் 75 கிராமில் தம் வரம்பை எட்டுகிறார். 15 கிலோ எடையுள்ள குழந்தையோ 19 கிராமுக்குள் எட்டிவிடுகிறது. பொரித்த தின்பண்டமே பொழுதுக்கும் என்றிருக்கும் பிள்ளைக்கு அது எட்டாத அளவன்று. எல்லாக் கொழுப்பிலும் உச்சவரம்பு வரை கலப்பதில்லை என்பது ஆறுதல்தான். எனினும் காலை உணவுத் தானியங்களின் உறைத்தாளிலும் அழகுப் பொருள்களிலும்கூடப் பி.எச்.டி. இருப்பதால், எண்ணெயை மட்டும் கணக்கிடுவது முழுக்கணக்கு ஆகாது. பெரியவரைக் கொண்டு கணக்கிட்ட 300 கிலோவின் ஆறுதல் இங்கே பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது.

இவ்விவாதத்தில் அடிக்கடி எழும் ‘அந்த நாட்டில் தடை’ என்னும் வாதத்தைப் பற்றியும் ஒரு சொல். டி.பி.எச்.க்யூ. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அனுமதிக்கப்பட்டது. ஐரோப்பா 2004ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்குப் பின்னரே அதை ஏற்றது. ஜப்பான் இன்றளவும் ஏற்கவில்லை. ஜப்பானின் முறை, பட்டியலில் பெயர் உள்ளவற்றை மட்டும் அனுமதிப்பது. பெயர் இல்லாமை என்பது தீங்கு நிறுவப்பட்டதாகப் பொருள்படாது. விண்ணப்பிப்பவர் இல்லாமலும் ஒரு பொருள் பட்டியலுக்கு வெளியே கிடக்கலாம்.

தடுப்பானே வேண்டாம் என்பாரும் உண்டு. நைட்ரஜன் நிரப்பிய பொட்டலம், ஒளி புகாத தகரம், சிறிய குப்பி ஆகியவை உண்மையாகவே அதன் தேவையைக் குறைக்கின்றன. வேதிப்பொருளைப் பற்றி வாதிடுவதைவிட இவற்றைக் கேட்டு வாங்குவது எளிது. ஆனால் எதுவும் செய்யாமல் விட்ட எண்ணெய் தூய எண்ணெயாக நிற்பதில்லை. ஆக்சிஜனேற்றம் முற்றும்போது விளையும் அக்ரோலின், 4-ஹைட்ராக்சி நோனெனல் போன்ற ஆல்டிஹைடுகள் செல்லின் புரதங்களோடு பிணைந்து கேடு செய்பவை. இவை மிகுதியாக விளையும் இடம் குப்பியன்று, வாணலி. அங்கே பி.எச்.ஏ.வும் பி.எச்.டி.யும் எழும் நீராவியோடு விரைவில் வெளியேறிவிடுகின்றன, டோக்கோஃபெரால் அழிந்துபோகிறது, முகப்புத்தாளில் எந்தத் தடுப்பானின் பெயர் இருந்ததோ அது மூன்றாம் ஈட்டுப் பஜ்ஜிக்குள் பெயரளவுக்கே மிஞ்சும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பொரித்துப் பொரித்து எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை மேற்கொண்டு சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் அதற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். தெருமுனையில் ஒற்றை வாணலியோடு மாலைதோறும் அடுப்பேற்றும் கடை அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை.